அடித்தண்ணீர் மேலே வந்த நாள்

செமோர், பேராக்.
20-9-1987

அன்பு மகன் சீனிக்கு உன் அப்பா ஐயாவு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பாப்பா, கொல்லையில் கோழிகள் எல்லோரும் முனியாண்டி புண்ணியத்தில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அதுபோல நீயும் ஜப்பானில் அந்தக் ககோஷிமா ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது என் எழுத்து இல்லை. வலது உள்ளங்கையில் ஒரு காயம், துணி சுற்றியிருக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை, பயப்பட ஒன்றும் இல்லை, எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டக்கூடாது குறைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சத்தியம் வாங்கவில்லை. இந்த வீட்டில் இனிமேல் யாரிடமும் சத்தியம் வாங்குவதில்லை என்று ஆகிவிட்டது. (அண்ணே, நான் பாப்பா. கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், ஆனால் அடைப்புக்குறி போடக்கூடாது என்று அப்பா சொல்லவில்லை. இந்த வளைவுக்குள் இருப்பதெல்லாம் என் சரக்கு. கையெழுத்து என்னுடையது, தலையெழுத்து அவருடையது.)

நீ போன கடிதத்தில் கடலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி, மங்களத்திடமிருந்து கடிதமே வரவில்லை, அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். மங்களத்துக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, பாலர் பள்ளிக்கு ஒரு நாள் தவறாமல் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவள் எழுதாததற்குக் காரணம் அவள் இல்லை, நான். இதைச் சொல்லிவிட்டேன், மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், நீ பொறுத்துக்கொண்டு படி. (அப்பா எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தார். கோழிகள் ஏற்கனவே தின்று முடித்திருந்தன.)

உன் அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய ஜப்பான் தைலத்தை முட்டிக்குத் தடவாமல் ஒளித்து வைத்திருக்கிறாள், தீர்ந்துவிட்டால் மகன் அனுப்பிய பொருள் இல்லாமல் போய்விடுமாம். பாப்பா படிவம் நான்கில் இருக்கிறாள், கணக்கில் மட்டம், வாயில் கெட்டி. பள்ளியிலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், போனால் வாத்தியார் நாற்காலியில் ரப்பர் பால் தடவி வைத்தாளாம். கம்பெனிக்காரன் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று நாம் எல்லோரும் வெளியே வந்து இத்தனை காலம் ஆகியும் இவளுக்கு ரப்பர் பால் எங்கிருந்து கிடைக்கிறதோ தெரியவில்லை. (வாத்தியாருக்குப் பள்ளியோடு ஒட்டுதல் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் உதவினேன்.)

உன் கடல் வேலையைப் பற்றி நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வெட்கத்துக்கு அதுதான் வேர். புயல் போன பிறகு உங்கள் கப்பல் அதே தடத்தில் பின்னாலேயே போய்த் தண்ணீரின் சூட்டை அளக்கிறது என்று நீ எழுதியதைப் பாப்பா வாசிக்க, நான் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கடலின் மேல் தண்ணீர் வெயிலில் சூடாகிக் கிடக்கும், அந்தச் சூட்டைத் தின்றுதான் புயல் வளரும், ஆனால் அதன் காற்று கடலைக் கடைகிற வேகத்தில் அடியில் கிடக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துவிடும், அதனால் புயல் போன வழி முழுக்கக் கடல் குளிர்ந்து கிடக்கும், வலது பக்கம் இன்னும் கூடுதலாகக் குளிரும், மெதுவாக நகருகிற புயல் தான் கிளப்பிய குளிரிலேயே தன் பலத்தை இழக்கும் என்று எழுதியிருந்தாய். இதை நான் லியாகத் அலியின் ரோட்டோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தேத்தண்ணியைக் கலக்காமல் கொண்டுவரச் சொல்லுவேன், மேலே சூடான சாயம், அடியில் வெள்ளையாகப் பால், இதுதான் கடல் என்பேன், கரண்டியைப் போட்டு ஒரு சுற்று, அடியில் கிடந்தது மேலே வந்துவிட்டது பார், இதுதான் என் மகன் ஜப்பானில் படிக்கிற படிப்பு என்பேன். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கிறவன் எப்போதும் சின்னையாதான். ஒரு வாய் குடித்துவிட்டு, "டிகிரி வாங்கப் போன பய கடல்ல டிகிரி எண்ணிக்கிட்டு இருக்கானாலா, கைய விட்டுப் பாத்தா தெரியாதா மச்சான் சூடா சில்லான்னு" என்று கேட்பான், கடையே சிரிக்கும், நானும் சிரிப்பேன். மங்களத்தின் அப்பா, நாளைக்கு உன் மாமனார், உன்னைக் கிண்டல் செய்கிற உரிமை உள்ளவன் என்று எல்லோருக்கும் தெரியும். நீ விமானம் ஏறிய நாளில் அவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதான்.

இந்த வருடம் வெயில் கடுமை. நீ அங்கே உங்கள் வாத்தியார் சொன்னதாக எழுதியிருந்தாயே, ஆலைப் புகையும் காடி, லாரிப் புகையும் மேலே போர்வை மாதிரிச் சேர்ந்து உலகம் மெல்ல மெல்லச் சூடேறுகிறது, கடலில் முதலில் மேல் தண்ணீர்தான் சூடாகும், மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் கூடினால் புயல் கலக்கும்போது கிளம்பும் குளிரும் கூடுமா, இல்லை வெதுவெதுப்பு ஆழம் வரைக்கும் இறங்கிவிட்டால் எவ்வளவு கலக்கினாலும் குளிர் கிளம்பாமல் புயல் இன்னும் கொழுக்குமா என்று பெரிய படிப்பாளிகளே இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று. உலகம் முழுக்கச் சூடாகிறதா என்று எனக்குத் தெரியாது, நம்முடைய ஈயக்குட்டை சூடானது தெரியும். பழைய சுரங்கக் குழி, எவ்வளவு ஆழம் என்று தோண்டியவனுக்கே மறந்துபோயிருக்கும். மழையே இல்லாமல் வாரக்கணக்கில் காய்ந்ததில் மேல் தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது, நான் விட்டு வளர்க்கிற திலாப்பியா மீன் எல்லாம் மத்தியானத்தில் கரை நிழலுக்கு ஒதுங்கின. பாப்பா என் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் வலை இழுப்பாள். (அண்ணே, இடுப்புக்கு மேலே சூடான கோப்பி, முட்டிக்குக் கீழே ஐஸ் கச்சாங். ஒரே குட்டைக்குள் ஒரு முழு ஒட்டுக்கடை.) ஒரு நாள் பழைய லாரி டயரை மிதக்கவிட்டு முதலை என்று கத்திவிட்டாள். கரையில் காய்கறிக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த சின்னையா செருப்பை விட்டுவிட்டு ஓடினான், பிறகு டயர் என்று தெரிந்து அவனே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்து, "இந்தப் புள்ள ஒரு நாளு நெசமாவே முதலய பாத்தாலும் ஒருத்தனும் வர மாட்டான் பாரு" என்றான்.

பிறகு அந்தக் காற்று வந்தது. புயல் எல்லாம் நம் ஊருக்கு வராது என்று உனக்குத் தெரியும், ஆனால் அன்று சாயங்காலம் அடித்த காற்றில் லியாகத் அலி கடைத் தகரக் கூரை பறந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது, கூடவே ஐஸ் மாதிரி மழை. வெயில் தணிந்தது என்று நாங்கள் சந்தோஷமாகப் படுத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் குட்டை முழுக்க வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன். உயிரோடு இருந்த கொஞ்சமும் வாயை மேலே நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தன. தண்ணீர் கறுத்துக் கிடந்தது, அழுகிய முட்டை வாடை. தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு இதுதான் என் கையால் நான் உண்டாக்கிய ஒன்று என்று வைத்திருந்தேன் சீனி. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மீனை அள்ளி அள்ளிக் கரையில் போட்டேன், உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, பல் கிட்டிக்கொண்டது. பாப்பாவும் இறங்கினாள், இறங்கியவுடனே, "அப்பா, ஐஸ் மேல வந்துருச்சுப்பா, குட்டை தலகீழா பொரண்டுருச்சு" என்றாள். நான் அவளிடம், வாயை மூடு, முதலைக் கதையை வேறு ஆளிடம் சொல் என்றேன். (அடிக்கவும் கை ஓங்கினார். இதை அவர் சொல்லவில்லை, ஆனால் குறைக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.)

சின்னையா கத்திரிச் செடிக்குப் பூச்சி அடித்தால் தூபா வேரை இடித்து அந்தத் தண்ணீரைத் தெளிப்பான். தூபா குட்டையில் இறங்கினால் மீன் மயங்கிச் செத்து மிதக்கும், ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள் செய்கிற வேலைதான் அது. முதல் நாள் அவன் கரையில் ஏதோ வேரைத் தோண்டிச் சாக்கில் போட்டதை நான் பார்த்திருந்தேன். அது மரவள்ளி. ஆனால் செத்த மீனுக்கு நடுவில் நிற்கிறவனுக்கு மரவள்ளியும் தூபாவாகத்தான் தெரியும். அவன் வழக்கம்போலத் தண்ணீர் வாளியோடு வந்தான், மீனைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே போட்டுவிட்டு, "என்னடா மச்சான் இது" என்று தண்ணீரில் இறங்க வந்தான். நான் இறங்காதே என்றேன். தூபா போட்டாயா என்றேன். அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் நின்றான், அந்தப் பேசாமையை நான் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட இன்றைக்கு உன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் தெம்பு இருந்திருக்கும். அந்த வார வெள்ளிக்கிழமை முனியாண்டி பூசைக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். தோட்டம் போன பிறகும் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து குட்டைக் கரையில் வைத்தவர்கள் நானும் அவனும்தான், ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவன். அந்தக் கல்லுக்கு முன்னால் நான் சத்தம் போட்டுக் கேட்டேன், தூபா போடவில்லை என்றால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போ என்று. கற்பூரம் அணைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பொய் என்றால் குடும்பம் விளங்காது, மெய் என்றால் கேட்டவன் வீட்டோடு தண்ணீர் புழங்குவது கிடையாது. சின்னையா என்னைப் பார்த்து, "ஒரே நெரையில பக்கத்து பக்கத்துல நின்னு பால் வெட்டுனோம், கேக்கணும்னு தோணுச்சா ஒனக்கு" என்றான். அவன் போய்க் கற்பூரத்தின் மேல் கையை அடித்து அணைத்தான். திரும்பி என்னிடம், "ஐயாவு, இனிமே ஒன் வூட்டுத் தண்ணி எங்களுக்கு வேணாம்" என்றான். இத்தனை வருடத்தில் அவன் வாயால் என் பெயரை நான் கேட்டதே இல்லை, மச்சான் என்றுதான் கேட்டிருக்கிறேன். மங்களம் தட்டில் தேங்காய்ப் பழத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தாள். போன தீபாவளிக்கு உன் அம்மா எடுத்துக் கொடுத்த சேலையைத் தேய்த்து மடித்து எடுத்து வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. "கோவத்துல குடுக்கல அத்தை, எங்கப்பாவ பொய் சொல்றவருன்னு கும்பல்ல நிக்க வெச்ச வூட்டுச் சேலைய நான் எப்படி கட்டுவேன், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். உன் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தை மாதம் நீ வரும்போது வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று பேசியிருந்தோமே, அது அந்தச் சேலையோடு வாசலில் வந்து நின்றுவிட்டது. இதற்குப் பிறகுதான் நான் உனக்குக் கடைசியாக எழுதினேன், எல்லோரும் நலம், மீன் நன்றாக வளர்கிறது என்று. அதை எழுதிய கையும் இதே கைதான். (அம்மா அப்போதே உண்மையை எழுதச் சொன்னார். அப்பா அஞ்சல் தலையை ஒட்டுவதில் மும்முரமாக இருந்தார்.)

எனக்குக் கண் திறந்தது லியாகத் அலியின் கடையில். புதுத் தகரம் போட்டுக் கடையைத் திறந்திருந்தான், நான் சின்னையா வராத நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். அவன் தேத்தண்ணியைக் கலக்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மகன் கடலு கலங்குன கதைய இந்த மேசையிலதான சொன்னீங்க. காத்தடிச்சா அடியில கெடக்குறது மேல வரும்னு எத்தன கிளாஸ காட்டுனீங்க. கடலே கலங்குது, ஒங்க குட்டை மட்டும் கலங்காதாலா" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கரண்டியை என் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் அதைக் கலக்கவும் இல்லை குடிக்கவும் இல்லை. நேரே குட்டைக்குப் போனேன், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு உடுப்போடு இறங்கினேன். நீ எழுதியபடியேதான் இருந்தது, கொஞ்ச நாள் வெயிலில் மேல் தண்ணீர் திரும்பவும் வெதுவெதுப்பாகிவிட்டது, காலை நீட்டினால் கீழே அதே சில். அப்போதுதான் அந்தக் காலையில் கழுத்தளவு தண்ணீரில் என் பல் கிட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. நான் அதைத் துக்கம் என்று நினைத்திருந்தேன் சீனி. அது குளிர். உடம்பு சொன்னதை, பக்கத்தில் நின்ற மகள் சொன்னதை, தூர தேசத்திலிருந்து மகன் எழுதி அனுப்பியதை, ஒன்றையும் நான் கேட்கவில்லை, எங்கோ கிடக்கிற கடல் புரண்டது புரிந்தவனுக்குத் தன் காலடியில் இருக்கிற குட்டை புரண்டது தெரியவில்லை. பாப்பா பள்ளியில் அறிவியல் வாத்தியாரிடம் கேட்டாள், ஆழத்தில் தேங்கிய தண்ணீரில் மீன் மூச்சுவிடக் காற்று இருக்காதாம், மேல் தண்ணீர் அதிகம் சூடாகி நெடுநாள் அப்படியே கிடந்தால் அடி இன்னும் கெட்டுப்போகுமாம், பிறகு ஒரு காற்றும் குளிர் மழையும் போதுமாம். (அதே வாத்தியார்தான், நாற்காலிக்காரர். நின்றுகொண்டே சொன்னார்.)

நான் முதலில் செய்த காரியமும் தப்பான காரியம்தான். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சின்னையாவின் பாத்திக்குப் போய், மச்சான் தப்பு என் மேல்தான் என்றேன். அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "கும்பல்ல எடுத்தத தனியா வந்து திருப்பிக் குடுக்குறியா" என்றான். அவ்வளவுதான். நான் வீட்டுக்கு நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தை எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. நீ ஒன்று எழுதியிருந்தாயே, புயல் போன பிறகு மேலே குளிர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது, மேலிருந்த சூட்டில் ஒரு பங்கு அடியில் தள்ளப்பட்டுப் போய் உட்கார்ந்துவிடும், மேல் தண்ணீர் சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும், ஆனால் அடியில் போன சூடு சீக்கிரம் வெளியே வராது என்று. நான் கத்தினேன், என் ஆத்திரம் அன்றைக்கே தணிந்துவிட்டது. அது போய் உட்கார்ந்த இடம் சின்னையா வீடு.

இப்போது கை விஷயம். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை பூசையில் எல்லோரும் இருந்தார்கள், சின்னையாவும் கடைசியில் மரத்தடியில் நின்றான். நான் முன்னால் போய், முதலில் அவனைக் கேட்ட அதே சத்தத்தில் சொன்னேன், குட்டையில் யாரும் ஒன்றும் போடவில்லை, அடித்தண்ணீர் மேலே வந்து மீன் செத்தது, சின்னையா மேல் நான் சொன்னது பொய், பொய்ச் சத்தியத்துக்கு வருகிற கேடு கேட்டவனுக்கு வரட்டும் என்று. கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டேன். அணைக்கத்தான் நினைத்தேன். அவனை அணைக்க வைத்தவன் நான், எனக்கு அணைக்க என்ன உரிமை என்று தோன்றியது, அப்படியே எரிந்து முடியட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வந்து தட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் ஆள் இல்லை. இதை உனக்குப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை, கை ஆறிவிடும். (ஜப்பான் தைலம் கடைசியில் திறக்கப்பட்டது. முட்டித் தைலம் கைக்குப் போனால் முட்டிக்கு என்ன போடுவது என்று அம்மா திட்டிக்கொண்டே தடவினார். அழுதுகொண்டும்.)

நேற்று மங்களம் வந்தாள். கையில் கற்றாழை மடல். படலைத் தாண்டவில்லை, வெளியே நின்றே, "மாமாவுக்குப் போட்டு விடுங்க அத்தை" என்று நீட்டினாள். உன் அம்மா ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். மங்களம் வாங்கினாள், பிறகு படலுக்குப் பக்கத்தில் உள்ள கட்டைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, "அப்பா குடிக்காம நான் குடிக்கக்கூடாது அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அந்த டம்ளரை எடுக்கவில்லை, மேலே ஒரு தட்டை மூடி அங்கேயே வைத்திருக்கிறாள். சின்னையா விடிகிற நேரத்தில் பாத்திக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். தினம் காலையில் புதுத் தண்ணீர் மாற்றி வைப்பேன், அவன் குடிக்கிறவரைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பேன் என்கிறாள். அவன் குடிக்காமலே போகலாம். அவனைக் குறை சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது.

மகனே, உன் கல்யாணத்தை நான் என் வாயால் கெடுத்துவிட்டேன், அதை உன்னிடம் மறைத்தும் வைத்தேன். என்னை நீ என்ன நினைத்தாலும் அது நியாயம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், என் மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொண்டு படிப்பை விட்டுவிடாதே. கப்பலில் போகும்போது காற்று வந்தால் வீரம் காட்டாமல் உள்ளே போய் உட்கார், ஈரத் துணியோடு நிற்காதே, பச்சை மீன் தின்றால் மஞ்சளாவது போட்டுத் தின்னு. (மஞ்சள் போட்டால் ஜப்பானியர்கள் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு அதில் சம்மதம்.) உங்கள் வாத்தியாரிடம் முடிந்தால் சொல், பேராக்கில் ஒரு சின்னக் குட்டையில் வெயில் நீண்ட வருடத்தில்தான் அடித்தண்ணீர் இவ்வளவு கெட்டுக் கிளம்பியது என்று. அவருக்கு அது உதவாது, ஆனால் நான் அந்த மீனுக்குச் சரியான காரணத்தை ஒரு ஆளிடமாவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முனியாண்டியும் மாரியம்மனும் உனக்குத் துணையாக நிற்கட்டும், எடுத்த படிப்பை முடித்து, நல்ல உடம்போடு, யார் முன்னாலும் தலை நிமிர்ந்து நிற்கிறவனாக நீ திரும்பி வர வேண்டும், என்னைப் போல ஆகாமல் இரு என்பதுதான் என் ஆசீர்வாதம். மறக்க வேண்டாம், இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாதே. முதலில் சின்னையாவுக்கு எழுது. கடலும் குட்டையும் எப்படிப் புரளும் என்று அவனுக்குப் பொறுமையாக எழுது, அவன் கிண்டல் செய்வான், செய்யட்டும், அவன் கிண்டல் செய்தால் நல்ல சகுனம். மங்களத்துக்கு அவசரப்படுத்தி ஒன்றும் எழுத வேண்டாம், அவள் அப்பா பக்கம் நிற்கிறாள், நிற்க வேண்டிய இடம் அதுதான். நீ ஊருக்கு வருகிற நாளில் பெட்டியை நம் வீட்டில் வைக்காதே, அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, அவர்கள் போ என்றால் பிறகு இங்கே வா.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐயாவு
(இடது கையால் போட்டார். கோணலாக இருப்பது அதனால்தான், வேறு யாரும் போடவில்லை.)

(அண்ணே, திங்கட்கிழமை காலை. கவரை ஒட்டுவதற்கு முன்னால் இந்த ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. நான் பள்ளிக்குக் கிளம்பிக் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சின்னையா மாமா வாளியோடு வந்தார், படலைத் தாண்டிப் போய்விட்டார், பிறகு திரும்பி வந்தார். தட்டை எடுத்தார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார், சூடா சில்லா என்று பார்த்திருப்பார் போல, பிறகு முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைச் சுவரில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சொன்னால் முதலை என்பார். அதனால் நான் டம்ளரைத் தொடவில்லை. அவரே வந்து பார்க்கட்டும்.)